பதினோராம் கட்டில் போத்தல்

அன்று புதன்கிழமை. காலை ஏழரை மணி. ஆண்கள் வார்டின் கடைசி மூலையில் இருந்தவர்கள் இவர்கள்.

பதினோராம் கட்டிலில் சிவலிங்கம். தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுப்பவர். வயது ஐம்பத்து நான்கு. ஈரல் சுருங்கிப் போய், வயிற்றில் நீர் கட்டியிருந்தது. குடித்து வந்ததல்ல, சீனி வருத்தத்தால், அதாவது நீரிழிவால், வந்தது. தோட்டத்தில் யாரும் அதை நம்பவில்லை என்று அவருக்குக் கோபம்.

பன்னிரண்டாம் கட்டிலில் காசிம் நானா. கட்டுகஸ்தோட்டையில் துணிக்கடை. அவருக்கும் ஈரல்தான். வாய் மட்டும் நல்ல சுகம்.

சிவலிங்கத்தின் மனைவி ராஜேஸ்வரி. முதல் பஸ்ஸில் வந்து, கஞ்சிப் பாத்திரத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

மிஸ். வார்டின் தாதி. சிங்களப் பிள்ளை. தமிழ் நன்றாகப் பேசுவார். திட்டுவது மட்டும் சிங்களத்தில்.

டொக்டரம்மா. யாழ்ப்பாணம். எங்கள் வார்டுக்கு வந்து நாலு மாதம்.

கடைசியாக நான். வார்டின் சிற்றூழியன். கையில் அளவு ஜாடி. பென்ஷனுக்கு ஏழு மாதம் இருந்தது.

பெரிய டொக்டர் வர இன்னும் அரை மணி.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தர மேலிடத்தில் சொன்னார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. தள்ளுவண்டி எப்படித் தள்ளுவது, கட்டில் விரிப்பு எப்படி மாற்றுவது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். அதை எழுதவில்லை. இந்த ஒரு போத்தலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க வேண்டாம். கண்டிப் பக்கம், அவ்வளவுதான்.

எங்கள் வார்டில் ஈரல் வருத்தக்காரருக்குக் காலையில் இரண்டு காரியம். ஒன்று, தராசில் ஏற்றி நிறுப்பது. மற்றது, சிறுநீரை அளந்து எழுதுவது. இரண்டும் என் வேலை. நடக்கக்கூடியவர்கள் போத்தலை எடுத்துக்கொண்டு கக்கூசுக்குப் போவார்கள். திரும்பி வந்து கட்டிலுக்குக் கீழே வைப்பார்கள். நான் பிறகு வந்து எடுத்து, ஜாடியில் ஊற்றி, எத்தனை மில்லி என்று அட்டையில் எழுதுவேன். பெரிய வேலை இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு செய்து முடிக்கிற வேலை என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சிவலிங்கம் வந்தது அதற்கு முந்திய சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பெரிய டொக்டர் அவருடைய அட்டையைப் பார்த்தார். சிறுநீர் நானூறு மில்லி. உதட்டைப் பிதுக்கினார். சிவலிங்கம் கைகூப்பினார்.

"சேர், அடுத்த ஞாயித்துக்கிழமை மகளுக்குக் கல்யாணம். என்னைய வெள்ளிக்கிழமை விட்டுருங்க."

பெரிய டொக்டர் சொன்னதை மிஸ் தமிழில் சொன்னார். "ஒண்ணுக்குப் போறது ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல வரட்டும், அப்ப பேசுவோமாம்."

திங்கட்கிழமை ஆயிரத்து ஐம்பது வந்தது. செவ்வாய்க்கிழமை ஆயிரத்து நூறு.

எனக்குச் சந்தோசம். அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதினேன். மிஸ் "ஷோக்" என்று பாராட்டினார். சிறுநீர் தாராளமாகப் போகிறதே என்று தண்ணீர் மாத்திரையை அப்படியே தொடரச் சொன்னார்கள். வயிற்று நீர் வற்றுவதற்குக் கொடுக்கிற மாத்திரை அது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் நல்ல மாத்திரை. கெட்டுக்கொண்டிருந்தால் அதுவே அதைக் கெடுக்கும்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் இரத்த ரிப்போர்ட் வந்தது. சிறுநீரகக் கணக்கு ஏறியிருந்தது; ஏறினால் சிறுநீரகம் கெடுகிறது என்று அர்த்தம். டொக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார்.

"இவ்வளவு யூரின் போற ஆளுக்கு இது எப்பிடி ஏறும்? இரத்தம் வேற ஆளின்ரயோட மாறுப்பட்டுப் போச்சோ தெரியேல்லை. நாளைக்கு விடியத் திரும்ப அனுப்புவம்" என்றார்.

அவர் அட்டையை நம்பினார். அட்டையில் இருந்தது என் கையெழுத்து.

புதன்கிழமை காலை சிவலிங்கத்தைத் தராசில் ஏற்றினேன். ஞாயிற்றுக்கிழமை அறுபத்தெட்டு கிலோ இருந்தவர். இப்போது எழுபது. தராசைத் தட்டிப் பார்த்தேன். இறக்கி மறுபடி ஏற்றினேன். எழுபதுதான்.

ஒரு நாளைக்கு ஒரு லீற்றருக்கு மேல் குடிக்கக்கூடாது என்று அவருக்குக் கட்டளை. சாப்பாடும் அரை வயிறு. உள்ளே போவது ஒரு லீற்றர். வெளியே போவது ஆயிரத்து நூறு. பிறகு எப்படி இரண்டு கிலோ ஏறும்? எனக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான் தெரியும். அந்தக் கணக்கிலேயே இது சரிவரவில்லை.

"இது பழைய தராசு அண்ணே" என்றார் சிவலிங்கம். இறங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இருபது வருசம் தராசுக்குப் பக்கத்தில் நின்ற மனிதர் தராசைக் குறை சொல்லலாமா? அது எனக்கு உறுத்தியது.

அவர் போத்தலை எடுத்துக்கொண்டு போனார். நான் வேறு வேலைக்குப் போகவில்லை. கக்கூஸ் வாசலிலேயே நின்றேன். வெளியே வந்தவர் என்னைக் கண்டதும் போத்தலைப் பின்னால் மறைத்தார்.

"குடுங்க."

"கீழ வைக்கிறேன் அண்ணே. பொறகு எடுங்க."

"பரவாயில்ல, குடுங்க."

வாங்கினேன். கையுறை போட்டிருந்தேன். இருந்தும் தெரிந்தது. போத்தல் குளிர்ந்திருந்தது. உடம்பிலிருந்து இப்போதுதான் வந்தது சூடாக இருக்கவேண்டும். இரண்டு நாளும் நான் எடுக்கும்போது ஆறிப்போயிருக்கும், அதனால் தெரியவில்லை.

நிறத்தில் பிழை இல்லை. ஈரல் வருத்தக்காரருக்கு இருக்கிற அதே மஞ்சள் கலந்த செம்மை. ஜாடியில் ஊற்றினேன். நானூறு மில்லி. கொஞ்ச நேரம் அப்படியே வைத்தேன். அடியில் என்னவோ படிந்தது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தேன்.

தேயிலைத் தூள். நாலைந்து பொட்டு.

வார்டில் காலையும் பின்னேரமும் பால் இல்லாத தேத்தண்ணீர் கொடுப்பார்கள். சீனி வருத்தக்காரருக்குச் சீனியும் இல்லை. அதைக் குடிக்காமல் சேர்த்து, ஆறவைத்து, குழாய்த் தண்ணீர் விட்டு, நிறம் பார்த்துக் கலந்திருக்கிறார். வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தால் நிறம் வெளுத்து முதல் நாளே பிடிபட்டிருப்பார். தேயிலை மனிதருக்கு நிறம் தெரியாதா?

என் அம்மாவும் கொழுந்து பறித்தவர். மழை நாளில் நிறுக்கக் கொண்டுபோனால் ஈரக்கொழுந்து என்று இரண்டு கிலோ கழிப்பார்கள். அம்மா வீட்டுக்கு வந்து நிறுக்கிறவரைத் திட்டுவார். இதெல்லாம் அந்த ஜாடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஞாபகம் வந்தது. சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"சிவலிங்கம், மழைக்கொழுந்துக்கு எத்தனை கிலோ கழிப்பீங்க?"

அவர் ஜாடியைப் பார்த்தார்.

"இதுல எவ்வளவு கழிக்கட்டும்?"

தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "மூணுல ரெண்டு பங்கு தேத்தண்ணி அண்ணே."

காசிம் நானா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "அடப்பாவி. எனக்கிட்டயும் மிச்சத் தேத்தண்ணி கேட்டு வாங்கினாயே. பாவம், களவா குடிக்கக் கேக்கிறான், தாகமா ஈக்கும் எண்டு குடுத்தன். அதையா போத்தலுக்க ஊத்தினாய்?"

"மெதுவா பேசுங்க நானா."

"என்ன மெதுவா. ரெண்டு நாளா ராவைக்கு வயித்தப் புடிச்சிட்டு முனகுறாய். காலைல டொக்டர் கேட்டா ஒண்டுமில்ல எண்டு செல்றாய். இன்னம் என்னெல்லாம் ஒளிச்சி வச்சீக்கிறாய்?"

ராஜேஸ்வரி கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். "வயிறு நோவுதா? எனக்கிட்ட சொல்லவே இல்லியே."

சிவலிங்கம் என் கையைப் பிடித்தார். "அண்ணே, சொல்லிறாதீங்க. ஞாயித்துக்கிழமை ஒம்பதே முக்காலுக்கு முகூர்த்தம். ஒரே பொண்ணு. தாரை வாக்க அப்பன் நிக்காட்டி எப்படி? திங்கக்கிழமை நானே வந்து படுத்துக்கிறேன். சத்தியமா."

பிள்ளைகளே, இந்த இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். பெரிய டொக்டர் வர இருபது நிமிடம். நான் பேசாமல் இருந்தால் அட்டையில் ஆயிரத்து நூறு நிற்கும். தண்ணீர் மாத்திரை போகும். வெள்ளிக்கிழமை அவரை விட்டுவிடவும் கூடும். அவர் மணவறையில் நிற்பார். பிறகு எவ்வளவு நாள் நிற்பார் என்பது எனக்குத் தெரியாது.

சொன்னால், இரண்டு நாள் பிழையாக எழுதியது நான். விசாரணை வைக்கலாம். பென்ஷனுக்கு ஏழு மாதம்.

எனக்குப் பெரிய தைரியம் இருந்தது என்று பிறகு சிலர் சொன்னார்கள். தைரியம் ஒன்றும் இல்லை. கையில் குளிர்ந்த ஜாடி இருந்தது. அதை வைக்க இடம் இல்லை. நேரே டொக்டரம்மாவிடம் கொண்டுபோனேன்.

"டொக்டர், நான் எழுதின கணக்கு பிழை."

"என்ன பிழை அண்ணை?"

"இது யூரின் இல்ல. மூணுல ரெண்டு பங்கு பிளேன்டீ."

அவர் ஜாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு ஒரு நிமிடம் அந்தப் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிப்பு.

திரும்பியபோது முகம் மாறியிருந்தது. "அப்ப உண்மையா போனது முந்நூற்றி ஐம்பதுதானே. இரத்தம் மாறுப்படேல்லை அண்ணை. ரிப்போர்ட் சரி" என்றார். உடனே சிவலிங்கத்தின் வயிற்றை அழுத்திப் பார்க்கப் போனார்.

மிஸ் சிங்களத்தில் திட்டினார். முதலில் சிவலிங்கத்தை, பிறகு என்னை, பிறகு தேத்தண்ணீர் கொடுத்த காசிம் நானாவை. யாரையும் விடவில்லை.

பெரிய டொக்டர் வந்தார். நான் கட்டிலடியில் நின்றேன். அட்டையைக் காட்டி இதை எழுதியது யார் என்று கேட்டார். நான் என்றேன். சிவப்புப் பேனையால் இரண்டு எண்ணையும் வெட்டினார். பக்கத்தில் என்னைச் சரியானதை எழுதி ஒப்பம் வைக்கச் சொன்னார். முந்நூற்று ஐம்பது. முந்நூற்று எழுபது. பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்.

"எப்படிக் கண்டுபிடித்தாய்?"

தராசு ஏறியதைச் சொன்னேன். குளிர்ந்த போத்தலைச் சொன்னேன். தேயிலைத் தூளைச் சொன்னேன். அவர் கூட நின்ற மாணவர்களைப் பார்த்து ஏதோ சொன்னார். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். தேயிலைத் தூளையும் எழுதினார்களா என்று தெரியாது. விசாரணை என்ற பேச்சே வரவில்லை.

வயிற்றிலிருந்து ஊசியால் கொஞ்ச நீர் எடுத்து அனுப்பினார்கள். மத்தியானத்துக்குள் பதில் வந்தது. வயிற்று நீரில் கிருமி. டொக்டரம்மா சிவலிங்கத்துக்கும் ராஜேஸ்வரிக்கும் உட்கார்ந்து விளங்கப்படுத்தினார். நானும் கேட்டேன். இது மட்டும் எனக்கு முழுதாக விளங்கியது. அப்படியே தருகிறேன்.

"ஈரல் இப்பிடி இருக்கிற ஆக்களுக்கு வயித்துத் தண்ணியில கிருமி வந்தா, முதல் அடி சிறுநீரகத்துக்குத்தான். காய்ச்சல் இல்லாமலும் வரும். நோவும் சின்னதா இருக்கும். வெளியில ஒண்டும் தெரியாது. யூரின் குறையிறதுதான் எங்களுக்கு வாற தகவல். நீங்கள் அதை மாத்திப் போட்டியள் ஐயா."

சிவலிங்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

தண்ணீர் மாத்திரையை நிறுத்தினார்கள். கிருமிக்கு ஊசி. இன்னொன்று, கண்ணாடிப் போத்தலில் மஞ்சளாக, மனித இரத்தத்திலிருந்து எடுத்த புரதமாம், அதையும் நரம்பில் ஏற்றினார்கள். சிறுநீர் போகக் குழாய் போடலாமா என்று மிஸ் கேட்டார்.

"குழாய் போட்டா அதிலயும் கிருமி ஏறலாம். இப்போதைக்கு வேண்டாம்" என்றார் டொக்டரம்மா. என் பக்கம் திரும்பினார். "அண்ணை, உங்கட கையை நம்பலாமோ?"

"நம்பலாம்" என்றேன்.

முப்பத்தொரு வருச வேலையில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அன்று பின்னேரம் மகளிடம் ராஜேஸ்வரி போனில் எல்லாவற்றையும் சொன்னார். மகள் பெயர் கௌசல்யா. பல்லேகலவில் தையல் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. கல்யாணத்தைத் தள்ளி வைக்கிறேன் என்றாள். சிவலிங்கம் போனைப் பறித்தார்.

"தள்ளி வச்சா நான் தண்ணி மாத்திரைய முழுசா முழுங்கிருவேன், பாத்துக்க."

பிறகு அவள் பேசியது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"சரி. மாமா தாரை வாத்துக் குடுக்கட்டும். ஆனா தினம் காலைல எனக்கு அந்தக் கணக்கு வரணும். நீங்க சொல்லக்கூடாது. நீங்க சொல்ற கணக்க நான் இனி நம்பமாட்டேன். போத்தல் அளக்குற மாமா சொல்லட்டும்."

போத்தல் அளக்குற மாமா நான்.

வியாழக்கிழமை இருநூற்று எண்பது. முன்னையதை விடக் குறைவு. அவளுக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னேன். கூட்டிச் சொல்லலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன், அதையும் உங்களிடம் மறைக்கவில்லை. பெரிய டொக்டரும் டொக்டரம்மாவும் கட்டிலிலிருந்து தள்ளி நின்று பேசினார்கள். சனிக்கிழமைக்குள் ஏறாவிட்டால் வேறு மருந்து, அதற்கும் ஏறாவிட்டால் செய்யக்கூடியது கொஞ்சம்தான் என்பது என் காதில் விழுந்தது. சிவலிங்கத்தின் காதில் விழவில்லை. காசிம் நானா காதில் விழுந்திருக்கவேண்டும். அன்று முழுக்க அவர் பகிடி விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஐந்நூற்று இருபது.

இரண்டு தரம் அளந்தேன். மிஸ்ஸைக் கூப்பிட்டு மூன்றாம் தரம். போத்தல் சூடு. அடியில் தூள் இல்லை. மிஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அனே, தங்கம்" என்றார்.

அன்று புரதப் போத்தல் மறுபடி ஏற்றினார்கள். மத்தியானம் காசிம் நானா கட்டிலிலிருந்தே தொழுதார். தொழுது முடித்ததும் சிவலிங்கத்தைப் பார்த்தார்.

"உனக்காகத்தான் துஆ கேட்டன். ஆயிரம் வரட்டும் எண்டு."

"ரெண்டாயிரம் கேட்டிருக்கலாமே நானா."

"பேராசப் படாத. பொறகு போத்தல் காணாது."

சனிக்கிழமை எண்ணூற்று எழுபது. தராசு அறுபத்தொன்பது. இரத்தத்திலும் கணக்கு இறங்கத் தொடங்கியிருந்தது. கௌசல்யாவுக்குச் சொன்னேன். அவளுக்கு மருதாணி போட்டுக்கொண்டிருந்தார்களாம். போனை வேறு யாரோ காதில் பிடித்திருந்தார்கள். "எண்ணூத்தி எழுபதாம்" என்று அவள் வீட்டுக்குள் கத்தியது எனக்குக் கேட்டது. உள்ளே பத்துப் பேர் கைதட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. காலைப் பூசை முடிந்து நேரே வார்டுக்குப் போனேன். அங்கே சிவலிங்கம் முகம் மழித்து, புது வெள்ளைச் சட்டை போட்டு, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சட்டை காசிம் நானா கடையிலிருந்து மகனைக் கொண்டு வரச் சொன்னது. வயிற்றுக்குப் பொத்தான் பூட்ட முடியவில்லை. அதற்கு மேல் ஒரு துண்டு. நெற்றியில் திருநீறு. மிஸ் பூசிவிட்டாராம்.

ஒன்பதரைக்குப் போனில் கோயில் தெரிந்தது. போனைத் தலையணையில் சாய்த்து வைத்தோம். சிவலிங்கம், காசிம் நானா, நான், மிஸ், எதிர்க் கட்டில்காரர்கள் மூன்று பேர். டொக்டரம்மா அட்டை பார்க்கிற மாதிரி வந்து நின்றார். மாமன் தாரை வார்த்தார். சிவலிங்கம் கட்டிலில் இருந்தபடியே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் நெளிந்தார். ஒரு காலை மற்றக் காலோடு சேர்த்தார்.

"அண்ணே."

"என்ன?"

"முட்டுது."

"இப்பவா? தாலி கட்டப் போறாங்க."

"அடக்க ஏலாது அண்ணே."

"அடக்காதேங்கோ ஐயா, போங்கோ" என்றார் டொக்டரம்மா.

"நான் வெளியே வரும் வரைக்கும் கட்டவேணாம்னு சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே போத்தலோடு ஓடினார். ஐந்து நாளாகச் சுவரைப் பிடித்து நடந்த மனிதர். காசிம் நானா பின்னாலிருந்து, "இந்த முறை தேத்தண்ணி வேணுமா தம்பி?" என்று கேட்டார்.

மேளம் கொட்டினார்கள். நான்தான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தாலி கட்டுவதை அந்தக் குடும்பத்துக்கு யாருமில்லாத நான் பார்த்தேன். பெற்ற அப்பா பார்க்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து சத்தம் மட்டும் வந்தது.

"கட்டிட்டாங்களா?"

"கட்டியாச்சு."

"நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு. நீங்க வேலைய முடிங்க."

வந்தார். முகமெல்லாம் வேர்வை, சிரிப்பு. போத்தலை என் கையில் தந்தார். சூடு. நல்ல சூடு. கையுறை போட மறந்துவிட்டேன். இந்த ஒன்றை மட்டும் நீங்கள் என்னைப் பார்த்துப் பழகவேண்டாம்.

ஜாடியில் ஊற்றினேன். நானூற்று முப்பது.

"நேற்றுப் பத்து மணியில இருந்து கூட்டுங்கோ அண்ணை" என்றார் டொக்டரம்மா. அட்டையை எடுத்தேன். இருநூற்றுப் பத்து. இருநூற்று அறுபது. நூற்றுத் தொண்ணூறு. இருநூற்று நாற்பது. இப்போது நானூற்று முப்பது. பேனையால் எழுதிக் கூட்டினேன். மிஸ் தோளுக்கு மேலால் பார்த்துத் தானும் கூட்டினார். இரண்டு பேருக்கும் ஒரே விடை.

போனில் கௌசல்யா வந்தாள். கழுத்தில் மாலை, புதுத் தாலி. பக்கத்தில் மாப்பிள்ளை. பின்னால் நாதஸ்வரம், ராஜேஸ்வரி, தோட்டத்துச் சனம். அப்பா சட்டைப் பொத்தானைப் பூட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவரைத் தாண்டி என்னைத் தேடினாள்.

"மாமா, எவ்வளவு?"

நான் போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

"ஆயிரத்து முந்நூற்று முப்பது."